பாட்டு மாறும் திருப்பம்

தேர்தல் நேரத்தில் பூந்தமல்லி பக்கத்துக் கிராமம் ஒன்றில் பிரச்சார ஆட்டோவின் பின்னாலேயே கொஞ்ச தூரம் நடந்து பாருங்கள். ஊர்த்தெருவுக்குள் நுழையும்போது அம்மன் பாட்டோ பழைய எம்.ஜி.ஆர். பாட்டோ ஓடிக்கொண்டிருக்கும். தெரு முடிந்து, ஒரு புளியமரம் தாண்டி, ரேஷன் கடை தாண்டி, வண்டி திரும்பும். திரும்புகிற அந்த நொடியில் ஓட்டுநர் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருக்கும் பையன் பாட்டை மாற்றுவான். இப்போது கானா மெட்டில் அம்பேத்கர் பாட்டு. பின்னால் வரும் வேட்பாளர் திறந்த ஜீப்பிலிருந்து இறங்கிச் சிலைக்கு மாலை போடுவார். சிலை இரும்புக் கூண்டுக்குள் இருக்கும்; பூட்டுச் சாவி யாரிடம் என்று தேடிக் கண்டுபிடிப்பதற்குள் பத்து நிமிடம் போய்விடும். அதன் பிறகு மைக்கில் "அண்ணல்" வருவார், "சமத்துவம்" வரும், "நான் உங்க வீட்டுப் பிள்ளை" வரும். கால் மணி நேரத்துக்கு முன்னால் இதே வாய் ஊர்த்தெருவில் பேசியது தெருவிளக்கு, சாலை, கும்பாபிஷேகத்துக்கு நன்கொடை. சமத்துவம் அங்கே வண்டியை விட்டு இறங்கவே இல்லை.

இந்தக் கூத்தைப் பார்த்துப் பார்த்துப் படித்தவர்களிடையே ஒரு தீர்ப்பு நிலைத்துவிட்டது. வேட்பாளர்கள் தலித் மக்கள் வாழும் காலனிக்குப் போய்ச் சாதியைப் பேசக் கூடாது, வயிற்றைப் பேச வேண்டும். வேலை, கூலி, வீடு, படிப்பு. ஏழைக்குச் சாதி ஏது? சொல்லிச் சொல்லித்தான் அது சாகாமல் கிடக்கிறது. எல்லோருக்கும் பொதுவாக வளர்ச்சியைப் பேசினால் ஊரும் காலனியும் தானாக ஒன்றாகிவிடும். அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் இதைச் சொல்பவர் ஒரு காரணத்துக்காகச் சொல்கிறார். தொழிற்சங்கத் தோழர் வர்க்கத்தின் பெயரால் சொல்கிறார். தொலைக்காட்சி விவாதத்தில் 'நடுநிலையாளர்' என்ற பட்டத்தோடு உட்கார்ந்திருப்பவரும் சொல்கிறார். இந்த மூவரும் ஒன்றாகத் தலையாட்டுகிற விஷயங்கள் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை. அதனாலேயே எனக்குச் சந்தேகம்.

வேட்பாளர் நடிக்கிறார் என்பதில் எனக்கு அவர்களோடு சண்டையில்லை. எந்தத் தெருவில் தப்பு செய்கிறார் என்பதில்தான் சண்டை. காலனியில் சாதியைப் பேசியது தப்பு என்கிறார்கள் அவர்கள். ஊர்த்தெருவில் பேசாமல் வந்ததுதான் தப்பு என்கிறேன் நான். தீண்டாமை கொடியது என்று அதற்கு ஆளானவரிடமே போய் விளக்குவது, கிணற்றில் கிடப்பவனிடம் கிணறு ஆழம் என்று சொல்வது மாதிரி. தள்ளிவிட்டவர் மேலே நிற்கிறார். அவரிடம் நன்கொடைச் சீட்டுதான் நீட்டப்படுகிறது.

வளர்ச்சிக் கட்சிக்காரர்கள் எப்போதும் கூட்டிவரும் சாட்சி குத்தம்பாக்கம். பூந்தமல்லி தாண்டி, திருமழிசை தாண்டி, பெங்களூரு நெடுஞ்சாலைப் பக்கம் இருக்கிற ஊர். அங்கே ஏறக்குறைய பாதிக் குடும்பங்கள் தலித், மீதி மற்ற சாதியினர். கள்ளச்சாராயத்துக்கும் அடிதடிக்கும் பேர்போன இடமாக இருந்தது. அந்த ஊரின் தலித் குடும்பம் ஒன்றில் பிறந்து, வேதிப் பொறியியல் படித்து, அரசு ஆராய்ச்சி நிறுவன வேலையை உதறிவிட்டு வந்த இளங்கோ ரங்கசாமி 1996 உள்ளாட்சித் தேர்தலில் ஊராட்சித் தலைவரானார். 2001இல் மறுபடியும் அவரே. பக்கத்துக் கிரானைட் தொழிற்கூடத்தில் கழித்துப்போட்ட கல்லை வாங்கி வந்து மலிவாக வடிகால் கட்டினார். மதிப்பீட்டில் இல்லாத வேலை என்று அதிகாரிகள் அவரைப் பதவியிலிருந்து இறக்கினார்கள். கிராம சபை அவர் பக்கம் நின்றது, திரும்பி வந்தார். பிற ஊர்த் தலைவர்கள் பேருந்து பிடித்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். "பாருங்கள், இளங்கோ சாதியைப் பேசினாரா? வடிகாலைப் பேசினார், ஜெயித்தார்." இந்த வாக்கியத்தை எத்தனை மேடையில் கேட்டிருப்பேன் என்று எண்ணி மாளாது.

சாதிப் பெயரைச் சொல்லி மைக் முன்னால் கர்ஜிக்கிற ஆள் அவர் இல்லைதான். காந்தி மீது பிடிப்புள்ளவர், கிராமத் தன்னிறைவு என்று பேசுபவர். ஆனால் அவர் காலத்தில் குத்தம்பாக்கத்தில் எழுந்த சமத்துவபுரத்துக்குப் போய் அங்கே ஒரு சுவரைப் பாருங்கள்.

சமத்துவபுரம் கருணாநிதி அரசின் திட்டம். 1998இல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் முதலாவது திறக்கப்பட்டது. நூறு வீடு, அதில் 40 ஆதிதிராவிடருக்கு, 25 பிற்படுத்தப்பட்டோருக்கு, 25 மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு, 10 மற்றவர்களுக்கு. எல்லோருக்கும் ஒரே இடுகாடு. அரசு கொடுத்த வரைபடத்தில் வீடுகள் தனித்தனியாக நிற்கும். குத்தம்பாக்கத்தில் அதை மாற்றி இரட்டை வீடாகக் கட்டினார்கள். ஊரிலேயே அழுத்தி எடுத்த மண்கல்லில் 50 கட்டடம். ஒவ்வொன்றிலும் இரண்டு குடும்பம், நடுவே ஒரே சுவர். அந்தப் பக்கம் ஒரு தலித் குடும்பம் என்றால் இந்தப் பக்கம் வேறு சாதிக் குடும்பம் என்பது ஏற்பாடு.

இந்தச் சுவரைச் சாதி பேசாமல் எப்படிக் கட்டியிருக்க முடியும்? மனுக்களை மேசையில் பரப்பி, இவர் யார், அவர் யார் என்று கேட்டுத்தானே ஜோடி சேர்க்க முடியும்? 'ஏழைகளுக்கு நூறு வீடு' என்று பொதுவாக அறிவித்திருந்தால் தமிழ்நாட்டில் வழக்கமாக நடப்பதே நடந்திருக்கும்: தொகுப்பு வீடு காலனிக்குப் பின்னால் ஒரு வரிசை, ஊர்க்காரருக்கு ஊருக்குப் பக்கத்தில் ஒரு வரிசை, நடுவே வழக்கமான வயல். வளர்ச்சி இரண்டு வரிசைக்கும் வந்திருக்கும், வயலும் அப்படியே இருந்திருக்கும். குத்தம்பாக்கத்தில் கேள்வி யாரிடம் போனது என்பதையும் கவனியுங்கள். "ஊர்க்காரரோடு சுவரைப் பங்கிட்டுக்கொள்ளச் சம்மதமா?" என்று காலனியில் கேட்பது பெரிய காரியமில்லை. சுவருக்கு அந்தப்புறம் யார் குடிவரப்போகிறார் என்று தெரிந்தே, ஊர்க்குடும்பம் ஒன்று சரி என்று சொல்ல வேண்டியிருந்தது. செங்கல் வாசனையும் சிமெண்டு வாசனையும் அடிக்கிற இடத்தில் நடந்ததால் அதைப் பேச்சு என்று நம் ஆட்கள் கணக்கில் எடுப்பதில்லை. சாதியைப் பற்றி அந்த வட்டாரத்தில் ஊரைப் பார்த்துப் பேசப்பட்ட மிக நேரடியான பேச்சு அதுதான்.

சுற்றுவட்டாரக் குப்பையைக் கொண்டுவந்து ஊர் நிலத்தில் கொட்டும் திட்டம் வந்தபோது குத்தம்பாக்கம் எழுந்து நின்று எதிர்த்தது. அதையும் வளர்ச்சிக் கட்சிக்காரர்கள் தங்கள் கணக்கில் வரவு வைப்பார்கள்: பொதுப் பிரச்சினை என்றால் சாதி மறந்துபோகிறது பாருங்கள். மறந்துபோன ஊர்கள் எத்தனை? குத்தம்பாக்கம் வாக்களித்த அதே 1996 தேர்தலில், மதுரை மாவட்டத்தில் மேலவளவு ஊராட்சி ஆதிதிராவிடருக்கு ஒதுக்கப்பட்டது. தலைவராக வந்த முருகேசனையும் சேர்த்து ஆறு பேர் 1997 ஜூன் 30 அன்று பேருந்தை மறித்து வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அதேபோல் ஒதுக்கப்பட்ட பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் 2006 வரை பத்து ஆண்டுகள் தலித் தலைவரைப் பதவியில் நிலைக்கவே விடவில்லை. சொல்லாமல் இருந்தால் சாதி செத்துவிடும் என்பவர்கள், இந்த ஊர்களில் யார் சொல்லி அது இத்தனை தெம்பாக இருந்தது என்று விளக்கட்டும்.

'ஏழைக்குச் சாதி ஏது' என்ற வசனத்துக்கு வருகிறேன். காதுக்கு இனிமையான வசனம். இதைச் சொல்கிறவர்கள் ஒரு முறையாவது கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கலையும் பட்டாவையும் பார்த்திருக்கிறார்களா?

குத்தம்பாக்கம் 1997 வரை செங்கல்பட்டு மாவட்டத்து ஊர். அந்த மாவட்டத்தின் கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர் 1891இல் பறையர் நிலைமை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். அவர் சாதி அரசியல்வாதி இல்லை, ஓட்டுக் கேட்க வந்தவரும் இல்லை. வரி வசூலிக்க வந்த வெள்ளைக்கார அதிகாரி. இந்த மக்கள் ஏன் இவ்வளவு வறுமையில் கிடக்கிறார்கள் என்று பார்க்கப் போனவருக்கு வழி நெடுக மிராசுதார் நின்றார். தரிசு நிலம் கேட்டு மனு போட்டால் மிராசுதாருக்கு முன்னுரிமை. குடிசை நிற்கும் மனைகூடக் குடியிருப்பவனுக்குச் சொந்தமில்லை. வேலைக்கு வர மறுத்தால் வீட்டைக் காலி செய். அறிக்கையின் விளைவாக 1892இல் வந்தவைதான் பஞ்சமி நிலங்கள். மாகாணம் முழுக்க 12 லட்சம் ஏக்கர் அளவுக்கு ஒப்படைக்கப்பட்டதாகக் கணக்குச் சொல்வார்கள். பத்து ஆண்டுகள் விற்கக் கூடாது, அதன் பின் விற்றாலும் தாழ்த்தப்பட்டோருக்கே விற்க வேண்டும் என்பது நிபந்தனை. அந்த நிலத்தில் பெரும் பகுதி இன்று யார் பட்டாவில் இருக்கிறது என்பது ஊரறிந்த ரகசியம். 1994இல் அதே செங்கல்பட்டு வட்டாரத்தின் காரணையில் பஞ்சமி நிலத்தைத் திருப்பிக் கேட்டவர்கள் மீது அக்டோபர் 10 அன்று போலீஸ் சுட்டது. இரண்டு உயிர் போனது. அவர்கள் கேட்டது ஏக்கர் கணக்கில் நிலம். அதைவிடப் 'பொருளாதாரக் கோரிக்கை' வேறு என்ன வேண்டும்? மக்கள்தொகையில் ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதி என்கிற மாநிலத்தில், அவர்கள் கையில் இருக்கும் விவசாய நிலம் பத்தில் ஒரு பங்கை எட்டவில்லை. இதில் வயிறு எங்கே முடிகிறது, சாதி எங்கே தொடங்குகிறது என்று கோடு போட்டுக் காட்டத் தெரிந்தவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

பழங்கதை என்பார்கள். சரி, புதுக்கதைக்கே வருவோம். கோயம்பேடு பேருந்து நிலைய நெரிசலைக் குறைக்க, ஏறக்குறைய 25 ஏக்கரில் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் புறநகர்ப் பேருந்து நிலையம் கொண்டுவரத் தேர்ந்தெடுத்த இடம் குத்தம்பாக்கம். அறிவிப்பு வந்த நாளிலிருந்து நெடுஞ்சாலை ஓரம் மனை விளம்பரப் பலகைகள் முளைத்தன. எல்லாமே பஸ் ஸ்டாண்டிலிருந்து ஐந்து நிமிடம்தான், ஏழு கிலோமீட்டர் தள்ளி இருப்பதும் ஐந்து நிமிடம்தான். இது போன்ற திட்டம் எல்லோருக்கும் பொது. ஆனால் தாத்தா வழியில் இரண்டு ஏக்கர் வந்தவருக்கு அது கோடிக் கணக்கு. தாத்தா வழியில் மிராசுதாரின் களத்துமேடு மட்டும் வந்தவருக்கு அது காண்ட்ராக்டில் ஒரு காவலாளி வேலையோ துப்புரவு வேலையோ. மகனுக்குக் கல்யாணம் ஆகித் தனிக்குடித்தனம் பார்த்தால் அந்த வட்டாரத்தில் வாடகை கட்டுப்படியாகாது. ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை கம்பெனிகள் வந்த காலத்திலும் இதுதான் நடந்தது. ஒருவருக்கு நிலத்துக்கு விலை வந்தது, இன்னொருவருக்கு ஷிப்டு வேன் வந்தது.

நம் நடுநிலையாளரைவிட வேட்பாளருக்கு இது நன்றாகத் தெரியும். ஊர்த்தெருவில் அவர் சொல்வதைக் கேளுங்கள்: "மனை விலை எங்கியோ போகப் போவுது." காலனியில்: "நம்ம பசங்களுக்கு வேலை வரப் போவுது." ஒரே பேருந்து நிலையம்தான். யாரிடம் மனை இருக்கிறது, யாரிடம் உடம்பு மட்டும் இருக்கிறது என்று ஆராய்ச்சி எதுவும் படிக்காமலே அவர் பிரித்துவிட்டார். வளர்ச்சியைப் பொதுவாகப் பேசச் சொல்பவர்கள் இந்த வேட்பாளரிடம் பாடம் கேட்கலாம். அந்தப் பேச்சே இரண்டு தெருவுக்கு இரண்டாகத்தான் வெட்டப்பட்டு வருகிறது.

காலனி ஓட்டு காசுக்கும் பிரியாணிக்கும் விழுகிற ஓட்டு, அங்கே போய்ச் சமத்துவம் பேசி என்ன ஆகப் போகிறது என்று ஒரு கிளை வாதமும் உண்டு. இதற்கு அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை. 2009இல் திருமங்கலம் இடைத்தேர்தல் தன் பெயரை ஓட்டுக்குப் பணம் கொடுக்கும் ஒரு 'பார்முலா'வுக்குக் கொடுத்ததும், 2017இல் ஆர்.கே. நகர் இடைத்தேர்தல் பணப் பட்டுவாடாவால் ரத்தானதும் காலனிகளில் மட்டும் நடந்த கதையா? கவர் எல்லாத் தெருவுக்கும் போனது. என்னிடம் ஒரு ஆயா சொன்னதைவிட நன்றாக இதை எழுத எனக்கு வராது: "ஊர்லயும்தான் வாங்கறாங்க. அவங்க வாங்கினா கவனிப்பு. நாங்க வாங்கினா மட்டும் வித்துட்டோமா?"

இவற்றையெல்லாம்விடக் கனமான வாதம் இன்னொன்று: பூந்தமல்லி தனித்தொகுதி, திருவள்ளூர் மக்களவைத் தொகுதியும் தனி. காலனி மக்களின் ஆளே எம்.எல்.ஏ., அவர்கள் ஆளே எம்.பி. அப்புறம் யார் வந்து பேச வேண்டும்?

தனித்தொகுதி எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் இந்தக் கேள்வி எழாது. 1932 ஆகஸ்டில் பிரிட்டிஷ் பிரதமர் அறிவித்த ஏற்பாட்டில் தாழ்த்தப்பட்டோர் தங்கள் பிரதிநிதியைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் தனி வாக்காளர் தொகுதி இருந்தது. அதை எதிர்த்து காந்தி எரவாடா சிறையில் உண்ணாவிரதம் இருந்தார். செப்டம்பர் 24 அன்று பூனா ஒப்பந்தம் கையெழுத்தானது. இடங்கள் 71லிருந்து 148 ஆகக் கூடின. தேர்ந்தெடுக்கும் கை மட்டும் மாறிப்போனது. வேட்பாளர் தலித்தாக இருப்பார், அவரைத் தேர்ந்தெடுப்பது எல்லோரும். சட்டமன்றத்தின் 234 இடங்களில் இன்று 44 இடங்கள் இந்த வகை. பூந்தமல்லி 2011 தேர்தலிலிருந்து இந்தப் பட்டியலில் இருக்கிறது.

ஆகவே அங்கே நிற்கிற வேட்பாளரைத் திட்டி எழுதுவது எளிது, நியாயமில்லை. காலனி ஓட்டு மொத்தமும் அவருக்கே விழுந்தாலும் போதாது. ஊர் ஓட்டு இல்லாமல் ஜெயிக்க முடியாது. ஊர்த்தெருவில் நிலத்தையும் சுடுகாட்டுப் பாதையையும் கோயில் வாசலையும் பேசினால் அன்றே தோற்றார். சீட்டுக் கொடுத்த கட்சிக்கும் அது பிடிக்காது. அ.தி.மு.க.வின் உள்சண்டையில் 2017இல் பூந்தமல்லி எம்.எல்.ஏ. உட்பட 18 பேர் தகுதிநீக்கம் செய்யப்பட்ட பின், 2019 இடைத்தேர்தல் வரை தொகுதிக்கு எம்.எல்.ஏ.வே கிடையாது. தனித்தொகுதி உறுப்பினரின் கடிவாளம் யார் கையில் என்பதற்கு இதைவிட வெளிச்சமான காட்சி வேண்டாம். பொதுத்தொகுதியில் தலித்தை நிறுத்தும் கட்சிகளையோ விரல்விட்டு எண்ணலாம். 2001 திருச்சி மக்களவை இடைத்தேர்தலில் தலித் எழில்மலை பொதுத்தொகுதியில் வென்றதை இன்றும் அதிசயம் போலச் சொல்லிக்கொள்கிறோம் என்றால், அந்த அதிசயம் எத்தனை அரிது என்று பாருங்கள்.

அப்படியென்றால் ஊர்த்தெருவில் பேச வேண்டிய கடன் யாருடையது? கூட ஜீப்பில் நிற்கிறாரே மாவட்டச் செயலாளர், அவருடையது. ஊரில் பங்காளி, மாமன், மச்சான் உள்ளவர். பரிவட்டம் கட்டிக்கொண்டவர். "நம்ம தெருவுல இன்னும் டீ குடிக்க உள்ள வர முடியாதவங்க இருக்காங்க, அது நமக்குத்தான் அசிங்கம்" என்று ஊர்த்தெருவில் அவர் சொன்னால் யார் வண்டியை மறிப்பார்கள்? அவர் காலனிக்கு வந்ததும்தான் தொண்டையைச் செருமுகிறார்.

ஓட்டுப் போய்விடும் என்பார். போகலாம். இல்லை என்று நான் ஏமாற்ற மாட்டேன். ஆனால் எதிரே இருப்பவரிடமே அவர் தப்பைச் சொல்கிற வழக்கம் நமக்குப் புதிதில்லை. 1929 பிப்ரவரியில் இதே செங்கல்பட்டில் சுயமரியாதை இயக்கத்தின் முதல் மாகாண மாநாடு கூடியது. பந்தலில் திரண்டிருந்த பெருங்கூட்டம் பட்டம் போட்டுக்கொள்ளும் சாதிக்காரர்கள். பெயருக்குப் பின்னால் இருக்கும் சாதிப் பட்டத்தை வெட்டுங்கள் என்று அவர்களிடமே தீர்மானம் போட்டார்கள். தமிழ்நாட்டில் இன்று பெரும்பாலான கட்சித் தலைவர்கள் சாதிப் பட்டத்தோடு போஸ்டர் அடிக்கக் கூசுகிறார்கள் என்றால் அந்தப் பந்தலுக்கு அதில் பங்குண்டு. பெரியாரின் அந்த இயக்கம் தேர்தலில் நிற்காதது, அதனால் முடிந்தது என்று பதில் வரும். ஓட்டுக் கேட்டு நின்றவரே வேண்டுமென்றால் கடல் தாண்டித்தான் போக வேண்டும். 1964 ஜூலையில் குடிமை உரிமைகள் சட்டத்தில் கையெழுத்திட்ட அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சன், அக்டோபரில் தன் தேர்தலுக்கு ஒரு மாதம்கூட இல்லாத நிலையில் நியூ ஆர்லியன்ஸ் போனார். தென் மாநிலம், எதிரே உட்கார்ந்திருந்தவர்களில் பெரும்பாலோர் வெள்ளைக்காரக் கட்சிக்காரர்கள். கறுப்பர் வெறுப்பைக் கிளறியே இத்தனை காலம் உங்கள் ஏழ்மையைப் பற்றிப் பேசாமல் ஏமாற்றிவிட்டார்கள் என்ற கருத்தை அவர்கள் முகத்துக்கு நேரே வைத்தார். நிறத்தையும் வயிற்றையும் ஒரே மூச்சில் பேசினார். அதையும் கறுப்பர் தெருவில் போய்ப் பேசவில்லை. லூசியானா மாநிலத்தில் அவர் தோற்றார். நாட்டை நூற்றுக்கு 61 ஓட்டோடு வென்றார். நம்மூர் மாவட்டச் செயலாளர் லூசியானா கணக்கை மட்டும் பார்க்கிறார்.

2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் ஓர் அறிவிப்பு செய்தார்: 'காலனி' என்ற சொல் வசைச்சொல்லாகிவிட்டதால் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும். நல்ல காரியம், தாமதமான காரியம். அந்தச் சொல்லை இந்தக் கட்டுரையில் நான் தெரிந்தேதான் எழுதியிருக்கிறேன்; தெரு இருக்கும்வரை சொல்லை ஒளித்து எனக்கு ஆகப் போவதில்லை. அறிவிப்புக்குப் பிறகு ஒரு பிரச்சார ஆட்டோவின் பின்னால் நடந்தபோது, ரேஷன் கடைத் திருப்பத்தில் அந்தப் பையனை நிறுத்திக் கேட்டேன்.

"ஏம்ப்பா, இப்போ போட்டியே, அந்தப் பாட்டையே அங்க ஊருக்குள்ளயும் போட்டா என்ன?"

"எனக்கு இன்னாண்ணா தெரியும், லிஸ்ட்டு குடுத்துட்டாங்க."

டேஷ்போர்டில் செருகியிருந்த காகிதத்தை எடுத்துக் காட்டினான். இடப்பக்கம் தெருப் பெயர்கள், வலப்பக்கம் பாட்டு எண்கள். ஊர்த்தெருக்களுக்கு நேரே 1 முதல் 4 வரை. கடைசி மூன்று தெருக்களுக்கு நேரே 5, 6, 7. அந்த மூன்றிலும் 'காலனி' என்று அச்சானதைப் பேனாவால் அடித்து, மேலே 'நகர்' என்று யாரோ அக்கறையாகத் திருத்தியிருந்தார்கள். எண்களைத் திருத்தவில்லை.